கஸ்பாரின் விரலா, தொம்மையின் காற்றா

எங்கள் ஊர் சங்குமுனையில் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு கால்பந்துக் குழு, செம்மணல் மேடான தேரிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கபடிக் குழு, இரண்டுக்கும் சேர்த்து மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரே மைதானம், அந்த மைதானத்தின் மூலையில் என் சைக்கிள் கடை. இரண்டு குழுக்களையும் மீசை முளைக்காத காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். இரண்டின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. வருத்தம் இல்லாமல் ஆட்டம் பார்க்கிறவன் வெயிலுக்கு ஒதுங்க வந்தவன். அவனிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது, தொம்மையிடம் கேட்க வேண்டும். தொம்மை என்பது நான்தான்.

கால்பந்துக் குழுவுக்கு விடிவெள்ளி என்று பெயர். அத்தனை பேரும் கடலுக்குப் போகிறவர்கள், ஆகவே பந்து எங்கே போகிறதோ அங்கே மீன்கூட்டம் கண்டதுபோலப் பதினொரு பேரும் ஓடுவார்கள், கோல்கீப்பரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று எழுந்துவிட்டால் பாதி ஆட்டத்தில் கண் கடல் பக்கம் போய்விடும், கட்டிவைத்த படகு அவிழ்ந்துவிடுமோ என்று ஒருவன் பார்ப்பான், அந்த நேரத்தில் கோல் விழும். கபடிக் குழுவுக்குச் செம்மண் என்று பெயர். பாடிப் போகிறவன் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்று நினைக்க மாட்டான், அழகாக விழ வேண்டும் என்று நினைப்பான். இடைவேளையில் கலர் சோடா குடித்துவிட்டு ஏப்பம் விட்டே தோற்ற குழு இந்த உலகத்தில் அது ஒன்றுதான். ஏப்பம் வருகிறவனுக்கு மூச்சு எங்கே நிற்கும்? இதையெல்லாம் நான் நேரில் சொல்லியிருக்கிறேன். இரண்டு குழுவும் என் கடையில் சைக்கிளுக்குக் காற்று அடிப்பதைச் சில காலம் நிறுத்தியிருக்கின்றன, பிறகு வந்திருக்கின்றன, அடுத்த கடை மூன்று தெரு தள்ளி.

பந்துக்குக் காற்று அடிப்பதும் என் வேலைதான். ஆட்டத்துக்கு முன்தினம் சாயங்காலம் பந்தைக் கொண்டுவந்து என் மடியில் போடுவார்கள். நான் பம்பு வைத்து அடிப்பேன், கட்டைவிரலால் அமுக்குவேன், காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்ப்பேன். பழுத்த தர்பூசணியைத் தட்டினால் வருகிற சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வந்த பிறகு ஒரு மூச்சுக் காற்றுக்கூட அதிகம் அடித்தவன் இல்லை நான். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த வருஷம் பாஸ்குத் திருநாள் கோப்பைக் கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே தோணித்துறை. தோணித்துறை கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர், எங்கள் கோயில் மணி அங்கே கேட்கும், அவர்கள் கோயில் மணி இங்கே கேட்கும், அதனாலேயே ஆகாது. ஆளுக்கொரு கோல். முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவர்களுடைய ஆள் ஒருவன் எங்கள் பையனின் சட்டையைப் பிடித்து இழுக்க, சட்டை முழுக்க அவன் கையோடு போய்விட, ரெப்ரி பால்வண்ணன் பெனால்ட்டி என்று விசில் ஊதினார். பால்வண்ணன் மதுரைப் பக்கத்துக்காரர், வெளியூர் ஆள்தான் நியாயமாக ஊதுவார் என்று பஸ் ஏற்றிக் கூட்டிவந்திருந்தார்கள்.

அடிக்கப் போனவன் கஸ்பார். கஸ்பார் என் மனைவி மதலேனின் தம்பி, என் மச்சினன், ஒரே தட்டில் சோறு தின்றவர்கள் நாங்கள். பந்தை வைத்தான், பின்னால் போனான், நின்றான், ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டு மேலே தூக்கிக் காற்றுப் பார்த்தான். பாய் விரிக்கப் போகிறவன் பார்க்கிற பார்வை. துப்பினால் எச்சில் போய் விழுகிற தூரத்தில் கோல் இருக்கிறது, அதற்குக் காற்றுப் பார்த்தவனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று, கோலிலிருந்து எதிரே அடித்துக்கொண்டிருந்தது. மேலே தூக்கி அடித்தால் காற்று பிடித்துக் கோலுக்குள் இறக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டான். ஓடி வந்தான், அடித்தான். கால் பாதத்தால் அடிக்கவில்லை, கட்டைவிரல் நுனியால் அடித்தான், சத்தம் என் கடைக்குக் கேட்டது.

பந்து மேலே போனது. கோயில் கோபுரச் சிலுவை உயரத்துக்குப் போனது, அதற்கும் மேலே ஒரு தென்னை உயரம் போனது, போய் நின்றது. இறங்கவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு எல்லோரும் பால்வண்ணனைப் பார்த்தோம்.

"பந்து எங்க இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"மேல இருக்கு."

"கோட்டத் தாண்டிருச்சா?"

"இல்ல."

"தரையத் தொட்டுருச்சா?"

"இல்ல."

"அப்ப ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்குய்யா. எடத்துல நில்லுங்க."

நின்றார்கள். வெயில் இறங்கியது, நின்றார்கள். கோயிலில் விளக்கு வைத்தார்கள், நின்றார்கள். பெண்கள் கஞ்சியும் நெத்திலிக் கருவாடும் கொண்டுவந்து இரண்டு ஊர் ஆட்களுக்கும் நின்ற இடத்திலேயே கொடுத்தார்கள், நின்றபடியே குடித்தார்கள். நான் கோட்டோரமாகப் போய்க் கஸ்பாருக்குக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்.

"வெரலாலதான அடிச்ச."

அவன் திரும்பினான். "வெரலா? நீரு பந்துக்குக் காத்து அடிச்சீரா, பலூனுக்கு அடிச்சீரா மச்சான்? அளவில்லாம அமுக்கி அடைச்சு வச்சிருக்கீரு, அது மேல போவாம எங்க போவும்?"

நாற்பது பேருக்கு முன்னால் சொன்னான். என் பம்பைப் பற்றிச் சொன்னான். நான் அன்றைக்கு வாயை மூடினவன்தான், அதன் பிறகு அவனிடம் நான் பேசவில்லை. பந்து இறங்கட்டும், கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கட்டும், காற்று அதிகமா அளவா என்று ஊர் சொல்லட்டும், அப்புறம் பேசுகிறேன் என்று மாதா மேல் ஆணையிட்டேன். அடுத்த வாரம் எனக்கு மகள் பிறந்தாள். ரெஜினா என்று பெயர் வைத்தோம். பந்துக்கும் அவளுக்கும் ஒரே வயது.

பந்து வரவில்லை என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள், பிழைப்பைப் பார்ப்பார்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பால்வண்ணனும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள்: பந்து அசைந்தால் கோயில் மணியை விடாமல் அடிப்பது, அடித்தால் இருபத்திரண்டு பேரும் எங்கே இருந்தாலும் வந்து அவரவர் நின்ற இடத்தில் நிற்பது, அதுவரை கடலுக்குப் போகலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். மாற்று ஆள் இறக்கலாமா என்று கேட்டதற்கு, மிச்சம் இருக்கிற இரண்டு நிமிஷத்துக்கு மாற்று ஆள் எதற்கு என்றார் பால்வண்ணன். அவர் ஊருக்குப் போகவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டுப் போன ரெப்ரி என்று பேர் எடுக்க மாட்டேன் என்று சொல்லி எங்கள் பள்ளிக்கூடத்திலேயே டிரில் மாஸ்டராகச் சேர்ந்தார், தையல் டீச்சரைக் கட்டினார், இரண்டு பிள்ளைகளைப் பெற்றார், குளிக்கும்போதும் கழுத்தில் விசிலைக் கழற்றவில்லை. அவருடைய கைக்கடிகாரத்தை அன்றைக்கு நிறுத்தி வைத்ததோடு சரி. அதிலிருந்துதான் எங்கள் ஊரில் அந்தப் பேச்சு வந்தது. சட்டை தைக்கக் கொடுத்தால் தையல்காரர் "ரெண்டு நிமிஷத்துல தாரேன்" என்பார், நாம் தீபாவளிக்குப் போய்க் கேட்போம்.

ஊர் பந்துக்குப் பழகியது. கடலில் இருக்கிறவர்கள் கலங்கரை விளக்கத்தையும் பந்தையும் ஒரே நேர்கோட்டில் பார்த்தால் கீழே பாறை, பாறைக்குப் பக்கத்தில் மீன் என்று கண்டுபிடித்தார்கள். அந்த இடத்துக்குப் பந்துப்பாறை என்றே பெயர் வந்தது. மழைக்கு முன்னால் பந்து கருக்கும், புயலுக்கு முன்னால் தன்னைத்தானே சுற்றும், ரேடியோக்காரன் சொல்வதற்குள் நாங்கள் படகை மேலே இழுத்துவிடுவோம். உச்சி வெயிலில் அதன் நிழல் பெனால்ட்டிப் புள்ளியில் விழும், அந்த நிழலில் ஒரு பூனை மட்டும் வசதியாகப் படுத்துக்கொள்ளும், அது போன பிறகு அதன் குட்டி. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு என் கடையில் வாடகைச் சைக்கிள் ஓடியது. அரசாங்க ஆட்கள் ஏணியோடு வந்து, உயரம் பார்த்து, ஏணி போதாது என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவன் ஏர்கன் கொண்டுவந்தான். ஆட்டத்தில் இருக்கிற பந்தை வெளியாள் தொடக் கூடாது என்று பால்வண்ணன் விசிலை வாயில் வைத்ததும் அவன் துப்பாக்கியை உறைக்குள் போட்டான்.

எங்கள் இடது பின்காவல் ஆட்டக்காரன் சிலுவை என்பவன் சாமியாராகப் போனான், பூசை அங்கிக்கு உள்ளே விடிவெள்ளிச் சட்டையைப் போட்டிருந்தான். இருவர் சவூதிக்குப் போய்விட்டு, ஆட்டம் பாக்கி இருக்கிறது என்று சொல்லி வேலையை விட்டுத் திரும்பினார்கள். இடது ஓரத்தில் ஆடிய இருதயம் என்பவன் காய்ச்சலில் இறந்துபோனான். அவன் மனைவி அவனுடைய சட்டையைத் துவைத்து, இடது ஓரக் கொடிக்கம்பில் மாட்டினாள், கிழிந்தால் தைத்தாள், நிறம் போனால் சாயம் போட்டாள். அவனுக்கு மிச்சம் இருந்த இரண்டு நிமிஷத்துக்கு அந்தச் சட்டை நின்றது. தோணித்துறைக் கோல்கீப்பர் கிறகோரி, கோலை விட்டுத் தூரமாக இருக்கப் பயந்து, எங்கள் ஊரிலேயே பெண் கட்டி ஐஸ் கம்பெனி வைத்தான். நன்றாகத் தின்றான். ஆண்டுக்கு ஒருமுறை பெண்கள் கோல் வலையைப் புது மீன்வலையாக மாற்றிக் கட்டினார்கள். பந்து வந்தால் ஓட்டை வழியாகப் போய்விடக் கூடாதே.

இதில் லாபம் பார்த்தது யார் என்றால் செம்மண் கபடிக்காரர்கள். மைதானத்தில் பாதியைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். வெளியூர்க் குழு பாடி வருகிறவன் எங்கள் எல்லைக்குள் வந்து ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பான், மேலே பந்து நிற்கும், "ஆத்தாடி" என்பான், மூச்சு போய்விடும், நம் ஆட்கள் போய்க் காலைப் பிடித்து உட்கார வைப்பார்கள். இப்படியே கோப்பை மேல் கோப்பையாக வாங்கினார்கள். ஒரு தரமாவது விடிவெள்ளிக்கு நன்றி சொன்னார்களா? சொல்லவில்லை. இன்னும் இடைவேளையில் கலர்தான் குடிக்கிறார்கள். இதை நான் மறக்கவில்லை.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கஸ்பார் மீனோடு வருவான். அக்கா வீட்டுக்கு வருகிறவனை நான் வராதே என்று சொல்ல முடியாது, சொல்வதென்றால் பேச வேண்டும். எதிரெதிரே உட்காருவோம், நடுவில் மதலேன்.

"மதலேன், ஒன் தம்பிட்ட கேளு, கொழம்புல உப்பு போதுமான்னு."

"அக்கா, உப்பெல்லாம் அளவுதான். சில பேருக்குக் காத்துலதான் அளவு தெரியாதுன்னு சொல்லு."

"மதலேன், மீனுக்குக் கால்வெரல் இல்லாததால வழி தெரிஞ்சு சட்டிக்கு வந்திருக்குன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் பேசாம தின்னுங்க. நான் ஒருத்தி எத்தன பேச்ச சொமக்க?"

சின்ன வயதில் ரெஜினா, அப்பாவும் மாமாவும் பேசுவதென்றால் உலகத்தில் எல்லா வீட்டிலும் அம்மா வழியாகத்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் போய்த்தான் தெரிந்துகொண்டாள். தெரிந்த அன்றைக்கு என்னிடம் வந்து ஒரு பார்வை பார்த்தாள், அவள் அம்மா பார்ப்பதுபோலவே.

அவள் வளர்ந்து மாப்பிள்ளை பார்த்தபோது அமைந்தது தேரிப் பக்கத்துப் பையன் எட்வின். செம்மண் குழுவில் மூலை ஆட்டக்காரன். நல்ல பையன், கலர் மட்டும் குடிப்பான். கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப் போகிறவன் தாய்மாமன்; கூட்டிப் போவதற்கு முன்னால் பெண்ணின் அப்பன் வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்து, "கூட்டிட்டுப் போ" என்று சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது, மனைவி வழியாகச் சொன்னாலும் செல்லாது, ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெண் படி இறங்க மாட்டாள்.

ரெஜினா கடைக்கு வந்து, நான் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூப்பைக் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"அப்பா, ரெண்டே வார்த்த. மாமாட்ட சொல்லிருவீங்கல்லா?"

"பந்து எறங்கட்டும்."

"பந்து எறங்கும்போது எனக்குப் பல்லு இருக்காது."

"ஆண வச்சிருக்கேன்ல."

"நீங்க சொல்லாம நான் படி எறங்கமாட்டேன். பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு இந்த வீட்டுலயே ஒக்காந்து ஒங்களுக்குக் கஞ்சி காச்சிக்கிட்டு இருப்பேன். அதுவும் உப்பு போடாம."

அன்றைக்குச் சாயங்காலம் எட்வினும் வந்தான். "மாமா, கொஞ்சம் எறங்கி வாங்க மாமா" என்றான்.

"ஒனக்கு எதுக்குப் பேச்சு? மூச்சப் பிடிச்சுக்கிட்டு நில்லு. ஒங்க ஆட்டமே அதுதான" என்றேன். நின்றான் பாவம், கொஞ்ச நேரம் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கல்யாணத்தன்றைக்குக் காலையில் வாசலில் பேண்டு செட்டு, பந்தல் முழுக்க ஆட்கள். எங்கள் பழைய ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் பட்டுவேட்டியில், வயிறும் தொப்பையுமாக, முடி கொட்டிப்போய் நிற்கிறார்கள். கஸ்பார் சரிகை வேட்டியைக் கட்டிக்கொண்டு, தாய்மாமன் சீர்த் தட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டு, படிக்குக் கீழே வந்து நின்றான். அவனுக்கும் காதோரம் நரைத்திருந்தது, நான் அப்போதுதான் கவனித்தேன். படிக்கு மேலே ரெஜினா, தலையில் முக்காட்டுவலை, கையில் பூச்செண்டு. நடுவில் நான்.

பேண்டு நின்றது. ஊர் காத்திருந்தது. சிலுவைச் சாமியார் கோயிலை விட்டுவிட்டு என் வாயைப் பார்க்க வந்திருந்தார்.

கஸ்பார் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் காலைப் பார்த்தேன். மதலேன் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ரெஜினா பூச்செண்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள், அவள் கோபப்படுவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன், அவள் அழப் போகிறாள் என்று நினைக்கவில்லை.

அப்போது நான் வாயைத் திறந்ததாக மதலேன் சொல்கிறாள். அது கொட்டாவி. விடியற்காலையில் எழுந்தவனுக்குக் கொட்டாவி வரும்.

எப்படியோ, அந்த நேரத்தில்தான் கோயில் மணி அடித்தது. விடாமல் அடித்தது.

எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். பந்து அசைந்தது. கோபுரப் புறாக்கள் சுற்றிப் பறக்க, வயதானவர் மாடிப்படி இறங்குவதுபோல ஒரு அடி இறங்கியது, நின்றது, மூச்சு வாங்கியது, இன்னொரு அடி இறங்கியது. கஸ்பார் வேட்டியைத் தூக்கிக் கட்டினான். "ஓடுங்கல" என்றான். பந்தல் காலியானது. பேண்டுக்காரர்கள் டிரம்மோடு ஓடினார்கள், சமையல்காரர் கரண்டியோடு ஓடினார், சிலுவைச் சாமியார் அங்கியைத் தலை வழியாகக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே இருந்த சட்டையோடு ஓடினார். ஐஸ் கம்பெனியிலிருந்து கிறகோரி கைகளில் குளிர் ஆவி பறக்க வந்து கோலுக்கு நடுவில் நின்றான். மணி கேட்டுக் கழிமுகத்தில் தோணித்துறைக்காரர்கள் படகில் வந்தார்கள், ஒருவன் முகத்தில் பாதி சவரம். பந்துக்கும் அவசரமில்லை, எல்லோரும் வந்து சேரும்வரை ஒவ்வொரு படியாக இறங்கியது. கொடிக்கம்பில் இருதயத்தின் சட்டை, காற்று இல்லாதபோதும், நெஞ்சை நிமிர்த்தியது. அவன் மனைவி அதற்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

பால்வண்ணன் வந்தார். நிறுத்தி வைத்த கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார், காதில் வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"சட்டத்தைச் சொல்லிடுறேன். அடிச்சவன் கஸ்பாரு. வேற ஒருத்தர் தொடுறவரைக்கும் அவன் பந்தத் தொடக் கூடாது. தொட்டா ஊதிருவேன்."

எங்கள் ஊருக்கு வாய்த்ததைப் பாருங்கள், பந்து நேராகக் கஸ்பாரின் தலைக்கு வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை. கோலுக்கு முன்னால், எவனும் பக்கத்தில் இல்லை, தலையைக் காட்டினால் போதும். "தொடாத கஸ்பார்" என்று கடற்கரை கத்தியது, "தொடு கஸ்பார்" என்று தோணித்துறை கத்தியது. நான் கத்தவில்லை, நான் பேசாதவன். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் மாதிரி குனிந்தான். பந்து அவன் தலைமுடியைத் தாண்டி முன்னால் வந்து, கிறகோரி நீட்டின கைகள் இரண்டுக்கும் நடுவே, அவனுடைய வயிற்றில் போய் விழுந்தது. அவன் எங்கள் ஊருக்கு வந்த வருஷத்து வயிறாக இருந்தால் பந்து பக்கவாட்டில் போயிருக்கும். இது எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் வளர்ந்த வயிறு, பந்தை வாங்கி மரியாதையாகக் கஸ்பாரின் காலடிக்கே திருப்பிக் கொடுத்தது.

கஸ்பார் செருப்பைக் கழற்றியிருந்தான். வெறுங்கால். அடித்தான்.

பொத் என்று ஒரு சத்தம். வலை பந்தை ஒரு பெரிய சீலா மீனைப்போல வாங்கி, பின்னுக்குப் போய், நின்றது.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கடற்கரையும் தேரியும் ஒன்றாக மைதானத்துக்குள் இறங்கின. டிரம் தனியாக அடித்தது. செம்மண் குழுக்காரர்கள் யாரோ ஒருவருடைய காலைப் பிடித்துத் தூக்கினார்கள், பழக்கதோஷம். பால்வண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்; தோணித்துறைக்காரர்கள் நடுவிலிருந்து பந்தை உருட்டி, இரண்டு பேரைத் தாண்டி, மூச்சு வாங்கி உட்கார்ந்தார்கள்; அவர் விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினார். இருதயத்தின் மனைவி கம்பிலிருந்து சட்டையை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நான் எப்போது உள்ளே ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. கஸ்பாரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். என் முகம் அவன் தோளில் இருந்தது, அவன் என் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தான். பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இறக்கிவிட்டேன். அவன் வலது காலைப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"வெரலாலதான அடிச்ச" என்றேன்.

கஸ்பார் என்னைப் பார்த்தான். வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்தான், என் முன்னால் நீட்டி, கட்டைவிரலால் அமுக்கினான். விரல் பாதி உள்ளே போனது.

"காத்து எறங்கிருக்கு, பாத்தீரா மச்சான்? அளவாயிருக்கு. அதான் கோலுக்குள்ள போச்சு. அன்னைக்கே இப்பிடி அடிச்சுத் தந்திருந்தீருன்னா ஆட்டம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும்லா?"

"இத்தன வருசத்துக்கு எந்தப் பந்துக்கும் காத்து எறங்கும்ல. வால்வு என்ன இரும்பா?"

"எறங்குறதுக்கு இருந்தாத்தான எறங்கும்? ரெண்டு பந்து காத்த ஒண்ணுல அடைச்சீரு."

"ஒனக்கு இன்னைக்கும் பாதம்னு ஒண்ணு கால்ல இருக்கிறதே தெரியல."

"அப்பா" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

ரெஜினா. பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முக்காட்டுவலையில் மணலோடு, பெனால்ட்டிப் புள்ளியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் எட்வின், கோட்டும் சூட்டுமாக, இரண்டு கைகளையும் விரித்துக் குனிந்து, மூலை ஆட்டக்காரன் மாதிரியே.

"படி எறங்கமாட்டேன்னு சொன்னியே" என்றேன்.

"பந்து எறங்கிருச்சு, நானும் எறங்கிட்டேன். இவ்வளவு பேச்சு பேசிட்டீங்கல்லா மாமாட்ட, மிச்சம் ரெண்டு வார்த்தையையும் சொல்லிருங்க."

ஊர் காதைக் கொடுத்தது. இருபத்திரண்டு பேரில் மிச்சம் இருந்தவர்கள் அவரவர் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"கூட்டிட்டுப் போல" என்றேன்.

பேண்டு ஆரம்பித்தது. கஸ்பார் அவள் கையைப் பிடித்தான். வீட்டிலிருந்து போக வேண்டிய ஊர்வலம் மைதானத்திலிருந்து போனது. அவன் ஒரு கையில் ரெஜினாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு அக்குளில் பந்தை இடுக்கி, வழியில் வருகிறவர்களிடமெல்லாம் "அமுக்கிப் பாருங்க, எம்புட்டு அளவா இருக்குன்னு பாருங்க" என்று நீட்டிக்கொண்டே போனான். விரல் வலியில் நொண்டினான். நான் அவனுக்குப் பின்னாலேயே நடந்து, அதே ஆட்களிடம் "காலப் பாருங்க, எந்த எடத்துல காயம்னு பாருங்க" என்று காட்டிக்கொண்டே போனேன். கடற்கரைக்காரர்கள் பந்தை அமுக்கிவிட்டுத் தலையாட்டினார்கள், தேரிக்காரர்கள் காலைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள், சிலர் இரண்டையும் பார்த்துவிட்டு இரண்டுக்கும் தலையாட்டினார்கள். அப்படிப்பட்டவர்களை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

கோயில் வாசலில் சிலுவைச் சாமியார் சட்டைக்கு மேல் அங்கியை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். ரெஜினா நின்றாள். மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், அவள் அம்மா பார்ப்பதுபோலவே.

"ரெண்டு பேரும் ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க" என்றாள்.

சரி என்றோம். எங்கள் ஊரில் ரெண்டு நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. ஆனால் பூசை முடிவதற்குள்ளேயே, சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்றபோது, கஸ்பார் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஆனாலும் மச்சான், அன்னைக்குக் காத்து கூடுதல்தான்" என்றான்.